விளக்குக்காரிக்கு ஒரு களிம்பு

மார்ச் 4, செவ்வாய்

இன்றோடு பதினோரு நாள். எட்டரைக்கு ஒரு கையெழுத்து, பன்னிரண்டரைக்கு ஒன்று, நாலரைக்கு ஒன்று. நடுவில் வேலை எதுவும் கிடையாது. விசாரணை முடியும்வரை ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குள் நான் கால் வைக்கக் கூடாது; வீட்டிலும் இருக்கக் கூடாது. பழைய ஆவண அறையில் உட்கார வேண்டும். போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். ஒரு ஜன்னல் இருக்கிறது. திறந்தால் ஜெனரேட்டர்.

நடந்ததை ஒருமுறையாவது நேராக எழுதி வைக்கிறேன். இரண்டு பேரின் ரத்தம் பிடித்த கண்ணாடிக் குழாய்களில் பேர் ஸ்டிக்கர் மாறிவிட்டது. நல்லாயிருந்த ஒரு மனிதரைச் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று படுக்க வைத்தார்கள். நிஜமாகவே கெட்டிருந்த ஒரு பெண்ணை ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு நாள் கழித்து மூச்சுத் திணறலோடு தூக்கி வந்தார்கள். உயிர் இருக்கிறது. அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

ரத்தம் எடுத்தது நான். கையெழுத்தும் என்னுடையது.

மார்ச் 5, புதன்

சுவரில் ஈரக் கறை. காலையில் ஒட்டகம் மாதிரி இருந்தது. மாலையில் வெறும் கறை.

மார்ச் 6, வியாழன்

துணைக்கு ஒரு ஆள் வந்துவிட்டார். ஆம்புலன்ஸ் டிரைவர். நோயாளியோடு போன வண்டி டீசல் இல்லாமல் நடுரோட்டில் நின்றுவிட்டதாம். முந்தின ஷிப்ட்காரன் நிரப்பியதாக எழுதி வைத்ததை நம்பி எடுத்தேன் என்கிறார். கையில் செங்கல் கனத்துக்கு ஒரு புத்தகம்.

மதியம்வரை என்னைக் கவனித்துக்கொண்டே இருந்தவர், "மேடம், அந்தச் சுவத்தையே பாத்துட்டு இருந்தா சுவரு விழாது, நீங்கதான் விழுவீங்க" என்றார். பையிலிருந்து இன்னொரு செங்கல்லை எடுத்து நீட்டினார். முதல் பாகமாம். மொத்தம் ஏழு.

"டிராகன் கதையெல்லாம் எனக்கு வேணாங்க."

"டிராகன் இல்ல மேடம், பல்லி. டிராகன்னு சொன்னா அதுக்கே கோவம் வரும்."

சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு ஏதோ தப்புப் பண்ணிய மாதிரி இருந்தது.

மார்ச் 11, செவ்வாய்

இருநூற்றுப் பத்துப் பக்கம்!

மலைக்குள்ளே ஒரு ஊர். சூரியன் கிடையாது. வெளிச்சத்தை எங்கோ ஆழத்தில் வெட்டி எடுத்துப் பெட்டி பெட்டியாகப் பூட்டி வைத்திருக்கிறார்கள். வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பவள் விளக்குக்காரி. வெளிச்சம் சுடும். வெறும் கையால்தான் தூக்க வேண்டும். அவளைச் சுமந்து போவது பேருந்து நீளத்துக்கு ஒரு கிழட்டுப் பல்லி. எந்நேரமும் முணுமுணுப்பு, வாயைத் திறந்தால் வசவு. எனக்கு அந்தப் பல்லியை ரொம்பப் பிடித்துவிட்டது. "நம்மாளு" என்கிறார் டிரைவர். இது சீரியலாகவும் வந்ததாம், அதில் பல்லி சாக்குமூட்டை மாதிரி இருக்குமாம். அதைச் சொல்லும்போது அவருக்கு உண்மையாகவே முகம் சிவந்தது.

நாலரை மணிக்குப் பியூன் கதவைத் தட்டியபோது நான் எங்கே இருக்கிறேன் என்றே ஒரு நிமிஷம் தெரியவில்லை. ஐந்து மணி நேரம் அந்தப் பெண்ணை நான் நினைக்கவே இல்லை. இது நல்லதா? இவ்வளவு லேசாக மறந்துவிட முடியுமா, ஒரு ஆளை?

மார்ச் 17, திங்கள்

அத்தைக்கு இன்னும் தெரியாது. "அம்மாகிட்ட மூச்சு விடாதே, தெருவுக்கே தெரிஞ்சிடும்" என்று இவர் சொல்லிவிட்டார். அதனால் தினமும் டிபன் பாக்ஸோடு கிளம்பி, தினமும் களைத்துப்போய் வருகிறேன். களைப்பு மட்டும் நடிப்பில்லை.

மாலையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே அத்தை கேட்பார்: "இன்னைக்கு யாரு வந்தா?" இத்தனை வருஷப் பழக்கம். காய்ச்சல்காரர், சர்க்கரைக்காரர் எல்லாரையும் சொல்லித் தீர்த்துவிட்டேன். இன்று ஒன்றும் வரவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"விளக்குத் தொழிற்சாலையில வேலை பாக்குற பொண்ணு ஒருத்தி வந்தா அத்தை. உள்ளங்கை ரெண்டும் வெந்து போயிருக்கு."

"அடப்பாவமே. கூட யாரு?"

"ஒரு பெரியவரு. வாயத் தொறந்தா திட்டுதான். ஆனா அவள விட்டு நகர மாட்டேங்கறாரு."

கத்தியைக் கீழே வைத்துவிட்டார் அத்தை. "அப்பனா?"

"தெரியல அத்தை. நாளைக்குக் கேக்கறேன்."

நாளைக்குக் கேட்கிறேனாம்! எனக்குப் பைத்தியம்தான் பிடித்திருக்கிறது.

மார்ச் 20, வியாழன்

அத்தையின் இன்றைய கேள்விகள்: கைக்குக் கட்டுப் போட்டார்களா? முதலாளி ஏதாவது கொடுத்தானா? அந்தப் பெரியவருக்கு வேளைக்குச் சாப்பாடு கிடைக்கிறதா?

"நல்லா சாப்பிடறாரு அத்தை" என்றேன். இரண்டாம் பாகத்தில் பல்லி ஒரு பாலத்தையே தின்றுவிட்டது.

மார்ச் 24, திங்கள்

அக்கா வந்தார். எங்கள் கூடத்துத் தலைமை. ஊரறிய மேடம், எனக்கு மட்டும் அக்கா. முதல் நாள் ஊசி பிடிக்கக் கை நடுங்கியபோது என் கைமேல் கை வைத்துச் சொல்லிக்கொடுத்தவர். டிரைவரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"கவனக்குறைவுன்னு எழுதிக் குடுத்துடு. ஒரு வரி போதும். மூணு மாசத்துல உன்னத் திரும்ப எடுத்துக்கறது என் பொறுப்பு."

"ஸ்டிக்கர் விஷயம்?"

"எந்த ஸ்டிக்கர்?" என்றார். என் கண்ணைப் பார்க்கவில்லை.

காலைக் கூட்டத்தைச் சமாளிக்க, வெறும் குழாய்களில் முன்கூட்டியே பேர் ஒட்டி வரிசையாக அடுக்கி வைக்கச் சொன்னது அக்காதான். எழுத்தில் இல்லை, வாயால். பேர் கேட்டு, ரத்தம் எடுத்து, அதன் பிறகு ஒட்ட வேண்டும் என்பது விதி. நான் ஒரே ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். "அப்ப மத்தியானம் வரைக்கும் நீயே நின்னு எடு" என்றார். அதோடு விட்டுவிட்டேன். இரண்டு வருஷம். வரிசையில் யாரோ ஒருவர் எழுந்து கழிவறைக்குப் போனால் போதும், எல்லாம் ஒன்று தள்ளிப்போகும். அன்றைக்கு அப்படி ஒருவர் போயிருக்கிறார்.

சொன்னால் அக்கா போவார். சொல்லாவிட்டால் நான் போவேன், நாளைக் காலையிலும் அங்கே குழாய்கள் பேரோடு காத்திருக்கும். எங்கே திரும்புவது? எங்க திரும்பினாலும் சுவருதானே!

மார்ச் 25, செவ்வாய்

மூன்றாம் பாகம் முழுக்க. பன்னிரண்டரைக் கையெழுத்தைத் தவறவிட்டேன். பியூன் வந்ததே தெரியவில்லை. "வரவில்லை" என்று சிவப்பில் குறித்திருக்கிறார்கள்.

இவரிடம் சொன்னேன். "கதப் புத்தகம் படிச்சிட்டு கையெழுத்து போடலையா? ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்துட்டு வா, முடிஞ்சு போகும்னு நானும் சொல்றேன், அவங்களும் சொல்றாங்க. உனக்கு என்னதான் வேணும்?"

எனக்கு அந்த மலைக்குள்ளேயே இருந்துவிட வேண்டும். அதை யாரிடம் சொல்வது?

ஏப்ரல் 2, புதன்

டிரைவரை வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "மூத்தவ கேப்பா மேடம், ஏம்பா வீட்லயே இருக்கேன்னு. என்ன சொல்றது?" மிச்சப் பாகங்களை என் நாற்காலியில் வைத்துவிட்டு, வழக்கம்போலக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

ஏப்ரல் 4, வெள்ளி

ஒரே பக்கத்தைப் பத்துத் தடவை படித்தேன். எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊர்கிறது. மலை திறக்கவே இல்லை. பல்லி பேசுகிறது, எனக்குக் கேட்கவில்லை. எதிரே காலி நாற்காலி.

ஏப்ரல் 10, வியாழன்

இன்று நடந்ததை இப்போதே எழுதிவிடுகிறேன்.

பதினொரு மணிக்குப் பியூன் கதவைத் திறந்து, "உங்கள தேடிக்கிட்டு" என்றான். பின்னால் அத்தை. இரண்டு பஸ் மாறித் தனியாக வந்திருக்கிறார். கையில் தீக்காயக் களிம்பு, ஒரு ஜோடி வெள்ளைத் துணிக் கையுறை. விளக்குக்காரிக்கு. பரிசோதனைக் கூடத்தில் போய் என் பேரைச் சொல்லியிருக்கிறார். அவங்க ஒன்றரை மாசமா இங்க வேலைல இல்லையே என்றிருக்கிறார்கள்.

டிரைவரின் நாற்காலியில் உட்கார்ந்தார். அறையைப் பார்த்தார். பழைய கோப்புக் கட்டுகளைப் பார்த்தார். புத்தகங்களைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், உளறிக் கொட்டினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

"அப்ப அப்படி ஒரு பொண்ணே இல்லையா?"

"இல்ல அத்தை."

"அந்தப் பெரியவரு?"

"அது பல்லி அத்தை."

அவர் சிரிக்கவில்லை. "இத்தனை நாளா என்னால சரியா சாப்பிட முடியல, அந்தப் புள்ள கைய நெனச்சு" என்றார். களிம்பு மூடியைத் திருகித் திருகி மூடினார். பிறகு சாதாரணமாக, தினமும் கேட்கிற அதே குரலில் கேட்டார்: "சரி. அந்த இன்னொருத்தி, ரத்தம் மாறிப்போனவ, அவ எப்படி இருக்கா?"

தெரியாது.

ஒன்றரை மாசமாக இதே கட்டடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். வார்டு இரண்டு மாடி மேலே. பியூனிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். பல்லியின் பாட்டன் பேர்வரை எனக்குத் தெரியும். இவளைப் பற்றி நான் யாரிடமும் கேட்கவே இல்லை.

"தெரியாது அத்தை."

எழுந்து போய்விட்டார். களிம்பையும் எடுத்துக்கொண்டு.

ஏப்ரல் 16, புதன்

விசாரணை. நீள மேஜை, மூன்று பேர். ஓரத்தில் அக்கா. இந்தப் பக்கம் அந்தப் பெண்ணின் கணவர், வேலைக்குப் போகிற உடுப்பிலேயே. கழுவியும் போகாத பெயிண்ட் நகக்கண்ணில்.

அவருக்கு ஒரு கேள்வி கேட்க அனுமதித்தார்கள். எழுந்து நின்றார். "எனக்குச் சட்டமெல்லாம் தெரியாதுங்க. இது உங்களுக்குத் தெரியாம நடந்ததா, தெரிஞ்சு நடந்ததா? அத மட்டும் சொல்லுங்க."

என் பையில் அந்த ஒரு வரிக் காகிதம் இருந்தது. 'கவனக்குறைவால்.' எடுக்கவில்லை.

"அவங்க ரத்தம் மாறினது தெரியாதுங்க. ஆனா என்னைக்காவது யாருக்காவது மாறும்னு தெரியும். தெரிஞ்சுதான் செஞ்சோம். தினமும்."

"செஞ்சோம்னா யாரு?" என்றார் நடுவில் இருந்தவர்.

சொன்னேன். அக்கா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுத மாட்டேன்.

வெளியே வந்ததும் அந்தப் பெண்ணின் கணவரிடம் போய், வீட்டில் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன். "வாரத்துக்கு ரெண்டு தடவ டயாலிசிஸ் மெஷின்ல போடறாங்க" என்றார். மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டினார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

அக்காவுக்கு மூன்று தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. இனி எடுக்க மாட்டார்.

ஏப்ரல் 29, செவ்வாய்

உத்தரவு வந்துவிட்டது. அக்காவைத் தலைமையிலிருந்து இறக்கிவிட்டார்கள். எனக்குப் பதவி ஒரு படி கீழே. ஊர்க் கடைசியில் இருக்கிற ரத்தம் எடுக்கும் கிளைக்கு மாற்றல். இவர் இரண்டு தடவை படித்துவிட்டு, "சரி, வேலையாவது இருக்கே" என்று காபி கலக்கப் போனார்.

அத்தை பத்தொன்பது நாளாக என்னோடு பேசவில்லை. இன்று காய்கறிக் கூடையோடு எதிரில் வந்து உட்கார்ந்தார். "அந்தப் பல்லி செத்துச்சா, இருக்கா?"

"நாலாம் பாகம் வரைக்கும் இருக்கு அத்தை."

"எழுத்துப் பொடிசா இருக்கு. நீ படி. பொய்யின்னு தெரிஞ்சே கேக்கறேன்."

படித்தேன். பாலத்தைத் தின்கிற இடத்தில் இரண்டு பேருமே சிரித்துவிட்டோம். பிறகு அத்தை சிரிப்பை நிறுத்தி, "இன்னும் எனக்குக் கோவம் போகல" என்றார். தெரியும் என்றேன்.

மே 19, திங்கள்

கிளையில் முதல் நாள். ஒரு அறை, ஒரு மேஜை, பத்தொன்பது பேர் வரிசை. ஜன்னலுக்கு வெளியே சைக்கிள் கடை. பத்தேகாலுக்குள் வரிசை கதவைத் தாண்டிவிட்டது. ஒன்பதாவதாக வந்தவர் சட்டைக் கையைச் சுருட்டியபடியே சத்தம் போட்டார்.

"ஒவ்வொருத்தர்கிட்டயும் பேரு கேட்டு, திரும்பக் கேட்டு, எழுதி, ஒட்டி... பெரிய ஆஸ்பத்திரில எல்லாம் ரெண்டே நிமிஷத்துல முடிச்சிடுவாங்கம்மா."

"தெரியும் சார்" என்றேன். "உங்க பேரச் சொல்லுங்க."