தப்பைச் சொன்னவனைத் தண்டித்தேன்

மச்சான்,

கடலுக்குக் கொண்டுபோகும் புது வயர்லெஸ் பெட்டியை இன்று காலை பிரித்தேன். ரப்பர் வாடை குப்பென்று அடித்ததும் கை நின்றுவிட்டது. பழையதை வாங்கிய அன்று நீயும் நானும் சேர்ந்துதான் பிரித்தோம்.

நீ சென்னையில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர்களைத் திருடர்களிடமிருந்து காப்பவன். நான் குப்பத்துத் தலைவர். ஞாயிறு தோறும் கடலுக்குப் போக நீ வந்தால் நமக்குள் ஓயாத வாக்குவாதம். ஒரு தடவை நம் ஊர்க்காரன் ஒருவன் போனில் வந்த ஏதோ லிங்கை அழுத்திவிட, காற்று மழைச் செய்தி போடும் ஊர் குரூப்பே எவனோ திருடன் கைக்குப் போய்விட்டது. அழுத்தியவன் தானே வந்து சொன்னான். ஏரியில் இறால் பிடிக்க அவனுக்கு வரவேண்டிய பாடு முறையை, வலை போட ஊர் ஒதுக்கும் நாளை, பஞ்சாயத்தில் நிறுத்தினேன். அவன் வீட்டில் அடுப்பு எரியாது என்று தெரிந்தேதான் செய்தேன். ஊர் பயப்பட வேண்டும் என்ற திமிர்.

"இன்னா மச்சான் பண்ணிக்கினு கீற? எங்க ஆபீஸ்ல தப்ப வந்து சொல்றவன மொதல்ல தட்டிக் குடுப்போம். அப்பதான் ஓட்டைய சீக்கிரம் அடைக்க முடியும். நீ தண்டிச்சா அடுத்த தபா எவன் வாயத் தெறப்பான்?" என்று கத்தினாய்.

"இது உன் ஆபீஸ் இல்லடா, குப்பம்" என்று சிரித்தேன்.

மூன்று மாதம் கழித்து, ஊர்ப் பொது வயர்லெஸ்ஸைத் தண்ணீரில் தவறவிட்ட ஒருவன், அதை வெயிலில் காயவைத்துச் சத்தமில்லாமல் அலமாரியில் வைத்துவிட்டான். அடுத்த ஞாயிறு அதை எடுத்துக்கொண்டு நீ தனியாகப் போனாய். எஞ்சின் நின்றிருக்கிறது, காற்றும் திரும்பியிருக்கிறது. போனுக்கு டவர் எட்டாத தூரம். வயர்லெஸ்ஸில் எங்களைக் கூப்பிட்டிருப்பாய். கரையில் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் வடக்கே பிணமாக ஒதுங்கினாய்.

உன் காரியம் முடிந்த அன்று, வயர்லெஸ்ஸைத் தவறவிட்டவன் என் காலில் விழுந்தான். "சொன்னா என் பாடு மொறையயும் நிறுத்திடுவீங்களோன்னு பயந்துட்டேண்ணா." அவனை அடிக்கக் கை ஓங்கினேன். அடிக்க எனக்கு என்ன யோக்கியதை?

இப்போது தப்பைத் தானே வந்து சொல்பவருக்குத் தண்டனை கிடையாது. ஒவ்வொரு கூட்டத்திலும் முதலில் என் தப்பைச் சொல்கிறேன், உன் பெயரோடு. பிறகு ஒவ்வொருவராக எழுந்து கிழிந்த லைஃப் ஜாக்கெட், ஒழுகும் போட் என்று சொல்கிறார்கள். போன மாதம் அப்படி ஒரு போட்டைப் போகவிடாமல் நிறுத்தினோம். உன் யோசனை பலிக்கிறது, மச்சான்.

நேற்றைய கூட்டத்துக்கு உன் சம்சாரம் வந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எழுந்தாள்.

"இத அவரு சொன்னப்பவே கேட்டிருந்தா இன்னாண்ணா?"

ஊரே என்னைப் பார்த்தது. தலைவர் நான்தான், பதில் சொல்ல வேண்டியவனும் நான்தான். "கேட்டிருந்தா அவன் இன்னிக்கு உசிரோட இருந்திருப்பாம்மா" என்றேன்.