பௌர்ணமியில் வந்த அப்டேட்

வேங்கிக்கால்,
9 ஜூன் 2024, ஞாயிறு

அன்புள்ள குசுமாவுக்கு,

எழில் எழுதுவது. நான் நலம், கடை நலம், எதிரே கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்க வரும் கூட்டமும் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று போனில் கேட்டால் "ம்" என்கிறாய். அதனால் எழுத்தில் கேட்கிறேன்.

நம் விதிப்படி இந்தக் கடிதத்தை நாம் விற்கும் மெஷினிலேயே, நீ எழுதிய தமிழ் சிஸ்டமான நம் அல்லியிலேயே தட்டுகிறேன். ஒரு பக்கத்துக்கு மேல் போனால் திரை லேசாக நடுங்குகிறது. குறித்துக்கொள்.

நேற்றோடு நாற்பத்தொரு மெஷின் விற்றாயிற்று. கம்பெனிகள் கழித்துவிட்ட லேப்டாப்பை வாங்கி, துடைத்து, பேட்டரி மாற்றி, அல்லியைப் போட்டுக் கொடுக்கிறேன். கீழ்பென்னாத்தூர் மல்லாட்டை, எள் வியாபாரி ஆதிமூலம் வந்தார். உள்ளே இருப்பது லினக்ஸ் என்று பெருமையாகச் சொன்னேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு, அது வந்தால் கம்ப்யூட்டர் பிழைக்குமா என்று கேட்டார். அன்றோடு அந்த வார்த்தையை விட்டுவிட்டேன். முழுக்கத் தமிழில் இருக்கும், வைரஸ் தொல்லை கம்மி, கெட்டால் வீட்டுக்கே வருவேன் என்கிறேன். மூன்றாவதைக் கேட்டதும் வாங்கிவிடுகிறார்கள்.

இப்போது பெரிய சேதி. ஆரணி, போளூர், செய்யாறு மூன்று ஊரிலும் மிக்ஸி, டிவி கடை வைத்திருக்கும் கோதண்டராமன் வந்திருந்தார். கிரைண்டர் பக்கத்தில் நம் மெஷினுக்கு ஒரு மேசை போடுகிறாராம், மூன்று கடையிலும். ஆனால் ஆகஸ்ட் முடிவில் நம் வாடிக்கையாளர்களுக்கு அவரே போன் போட்டு விசாரிப்பாராம். முதல் போன் செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குப் பக்கத்தில் எட்டு அறை வாடகைக்கு விடும் மணியம்மாளுக்கு. அவருக்குத் தூரத்துச் சொந்தம். நம் பதினேழாம் நம்பர் மெஷின் அந்த அம்மாவிடம்தான் இருக்கிறது.

அவர் சரி என்றால் மூன்று ஊருக்கும் ஓட வேண்டும். எனக்கு இருப்பது ரெண்டு கால். உனக்கு அங்கே ஆகஸ்டோடு ஒப்பந்தம் முடிகிறது. வருகிறாயா இல்லையா? நேராகச் சொல்.

உன்,
எழிலரசி


ஹாம்பர்க்,
15 ஜூன் 2024

அன்பு எழில்,

மூன்று ஊர், மூன்று மேசை. படித்துவிட்டு அலுவலகத்துக் கழிவறையில் போய்ச் சிரித்தேன். வெளியே சிரித்தால் காரணம் கேட்பார்கள், ஆரணியை யாருக்கு விளக்குவது.

ஒரு மனத்தாங்கல் உண்டு. லினக்ஸ் என்ற பெயரை ஏன் ஒளிக்கிறாய்? உலகம் பூராவும் முகம் தெரியாதவர்கள் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்ததன் மேல்தானே நாம் கடை நடத்துகிறோம்? பெட்டியின் அடியிலாவது பெயரை ஒட்டு. ஆதிமூலம் பெட்டியைக் கவிழ்த்துப் பார்க்கமாட்டார்.

திரை நடுங்குவதைச் சரிசெய்துவிட்டேன். கூடவே இன்னும் இருபது திருத்தம். எல்லாம் சேர்த்து ஜூலையில் ஒரே அப்டேட்டாக அனுப்பிவிடுகிறேன், மெஷின்கள் தானாக வாங்கிக்கொள்ளும். யாரும் கம்ப்யூட்டர் முன்னால் இல்லாத நேரமாகப் பார்த்து அனுப்புவது என் பொறுப்பு.

இங்கே சூரியன் பத்து மணிக்குத்தான் மறைகிறது. சமணர் வீட்டு அம்மாவல்லவா, பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாயா என்று தினமும் கேட்கிறாள். ஒன்பதரைக்குச் சாப்பிட்டுவிட்டு, ஆமாம் என்று பொய் இல்லாமல் சொல்கிறேன்.

வருவதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

குசுமா


வேங்கிக்கால்,
22 ஜூலை 2024

குசுமா,

நலம் விசாரிக்க இன்று மனசில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு உன் அப்டேட் வந்தது. ஆபீசெல்லாம் லீவு, நல்ல நேரம் என்று நினைத்திருப்பாய். அன்றைக்கு ஆடிப் பௌர்ணமி. கிரிவலத்துக்கு ஊரே நிரம்பி வழிகிற நேரத்தில் அப்போது ஓடிக்கொண்டிருந்த ஒன்பது மெஷின்கள் தானாக அணைந்து, திரையில் அல்லிப் பூவைச் சுற்றவிட்டுக்கொண்டு, "தயவுசெய்து காத்திருக்கவும்" என்றன. இருந்த நெட்வொர்க்கைக் கூட்டம் பங்கு போட்டுக்கொண்டதில் அந்தப் பூ ஐம்பது நிமிஷம் சுற்றி அப்படியே நின்றுபோனது.

மணியம்மாள் வீட்டில் பெட்டியும் கையுமாக முப்பது பேர். யாருக்கு எந்த அறை என்பது மெஷினுக்குள். ஞாபகத்தை வைத்துச் சாவி கொடுத்ததில் ஒரே அறை ரெண்டு குடும்பத்துக்குப் போய்விட்டது. கடைசியில் அந்த அம்மா தன் படுக்கையறையைக் கொடுத்துவிட்டுச் சமையல்கட்டில் பாய் போட்டுப் படுத்தாராம்.

எந்த நாள் என்று நானும் கேட்காமல் விட்டேன், அது என் தப்பு. ஆனால் திருவண்ணாமலையில் படித்தவள், மாதா மாதம் பஸ்ஸை மாற்றிவிட்டார்கள் என்று காலேஜுக்கு நடந்தே வந்தவள், உனக்குப் பௌர்ணமி மறந்துபோகுமா? மெஷின் கெட்டதைவிட அதுதான் எனக்கு வலிக்கிறது.

எழில்


ஹாம்பர்க்,
25 ஜூலை 2024

எழில்,

மூன்று நாளாக இதை எழுதி எழுதி அழிக்கிறேன்.

சனிக்கிழமை காலையில் அம்மா போன் செய்து, இன்றைக்குச் சதுர்த்தசி, விரதம் என்றாள். சரிம்மா என்று வைத்துவிட்டேன். அது முடிந்தால் பௌர்ணமி என்று ஒன்றாம் வகுப்பிலேயே தெரிந்திருந்தவள், நாட்காட்டியில் சனிக்கிழமையை மட்டும் பார்த்தேன். நீ சொல்வது சரி. மறந்துதான் போயிற்று. அது எனக்கே பயமாக இருக்கிறது.

இனி எந்த மெஷினும் கேட்காமல் தன்னை அணைத்துக்கொள்ளாது. "இப்போது வேண்டாம்" என்று பெரிதாக ஒரு பொத்தான் வைத்திருக்கிறேன். பௌர்ணமி, தீபத் திருவிழா நாட்களில் அப்டேட்டே போகாதபடி பஞ்சாங்கத்தையும் உள்ளே ஏற்றிவிட்டேன். என் மேலதிகாரி எட்டிப் பார்த்து, சந்திரனுக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார். எங்கள் ஊரில் உண்டு என்றேன்.

ஒன்பது பேரிடமும் என் சார்பில் மன்னிப்புக் கேட்பாயா? ஒன்பது பேருக்கும் தனித்தனியாகக் கடிதம் இணைத்திருக்கிறேன். அச்செடுத்துக் கொடு.

குசுமா


வேங்கிக்கால்,
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள குசுமாவுக்கு,

கோபம் ஆறிவிட்டது. என் கோபத்தின் ஆயுள் உனக்குத் தெரியும்.

எட்டு வீடு முடிந்தது. எட்டிலும் பழுது பார்த்து, மன்னிப்புக் கேட்டு, காபி குடித்து, வழக்கப்படி சரிசெய்த மெஷின் முன்னால் உட்கார்ந்து அதிலேயே உனக்கு ரெண்டு வரி தட்டி அனுப்பினேன். எட்டும் வந்திருக்கும். ஆதிமூலம் உன் கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டு, பொண்ணு நல்லா எழுதுது என்று கல்லாவில் வைத்துக்கொண்டார்.

ஒன்பதாவதுதான் ஆகவில்லை. மணியம்மாள் மெஷின் மேல் துண்டு போட்டு மூடி வைத்திருக்கிறார். மறுபடி நோட்டுப் புத்தகம்தான். உன் கடிதத்தை நீட்டினேன், வாங்கவில்லை. இது யார் செய்த தப்பு என்று கேட்டார். நம் கடை ஆரம்பித்த அன்று அட்டைப்பெட்டி மூடியில் நாம் எழுதி ஒட்டிய விதியை நானே அவரிடம் விற்கும்போது சொல்லித் தொலைத்திருக்கிறேன்: கெடுத்தவரே வாசல் வரை வந்து சரிசெய்வார்.

"நீ பண்ணலன்னா நீ ஏம்மா மன்னிப்பு கேக்கற?" என்றார். "பண்ணவங்க வரட்டும். அதுவரிக்கும் இது இப்படியே இருக்கட்டும்."

அவள் ஜெர்மனியில் இருக்கிறாள் என்றேன். எங்க ரூமுக்கு ஜெர்மனியிலிருந்து மாசத்துக்கு நாலு பேர் வர்றாங்களே என்றார்.

கோதண்டராமன் இந்த மாதக் கடைசியில் போன் செய்வார். மணியம்மாள் என்ன சொல்வார் என்று நமக்குத் தெரியும். இதையெல்லாம் உன்னை இழுக்க எழுதுகிறேன் என்று நினைக்காதே. சரி, கொஞ்சம் அதற்கும்தான்.

உன்,
எழிலரசி


ஹாம்பர்க்,
9 ஆகஸ்ட் 2024

அன்பு எழில்,

இங்கே இன்னும் மூன்று வருஷத்துக்கு ஒப்பந்தம் நீட்டிக் காகிதம் கொடுத்திருக்கிறார்கள். பதினைந்தாம் தேதிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். நல்ல வேலை, நல்ல மனிதர்கள். குறை சொல்ல ஒன்றும் இல்லை, அதுதான் தொல்லை.

இத்தனை நாள் வருவதைப் பற்றி எழுதாமல் தட்டிக்கழித்ததற்குக் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அல்லியை எழுதுவது எனக்குப் பிடிக்கும். அதை வாங்கியவர் முகத்தைப் பார்ப்பது என்றால் பயம். அதை எப்போதும் நீயே செய்தாய். நான் தூரத்தில் இருந்துகொண்டு கெட்டிக்காரியாக இருந்தேன்.

கொஞ்ச நாள் எனக்கு எழுதாதே. யோசிக்க வேண்டும்.

குசுமா


வேங்கிக்கால்,
16 ஆகஸ்ட் 2024

அன்புள்ள குசுமாவுக்கு,

எழுதாதே என்றாய். பதினைந்து போய்விட்டது, அதனால் எழுதுகிறேன்.

நீ கையெழுத்துப் போட்டிருந்தால் அதில் தப்பில்லை. சண்டைக்கு வரமாட்டேன். மூன்று ஊர் இல்லாவிட்டால் ஒரு ஊர் இருக்கிறது. நாற்பத்தொன்று இப்போது நாற்பத்தாறு. ஒரு நாளைக்கு ரெண்டு பேராவது உள்ளே வந்து, இது தமிழ்லயே இருக்குதே என்று திரையைத் தொட்டுப் பார்க்கிறார்கள். அதைப் பார்க்க நீ பக்கத்தில் இல்லையே என்றுதான் இருக்கும்.

ஒன்று மட்டும் செய்துவிட்டேன். நீ கேட்டபடி எல்லாப் பெட்டியின் அடியிலும் லினக்ஸ் என்று ஒட்டியாயிற்று. ஆதிமூலம் முதல் நாளே கவிழ்த்துப் பார்த்துவிட்டார்.

நாளைக்குப் பதில் எழுத வேண்டாம். என்றைக்காவது எழுது.

எழில்


மணியம்மாள் அறைகள்,
செங்கம் ரோடு, திருவண்ணாமலை
19 ஆகஸ்ட் 2024, பௌர்ணமி, மாலை நாலு மணி

அன்பு எழில்,

மேலே உள்ள முகவரியை இன்னொரு தடவை படி. தட்டச்சுப் பிழை இல்லை.

காலையில் சென்னையில் இறங்கி நேராக இங்கே வந்தேன். முதலில் உன்னிடம் வந்திருந்தால் நீயும் கூட வருவாய், பேச்சையெல்லாம் நீயே பேசிவிடுவாய். நான் பின்னால் நின்றுகொண்டு தலையாட்டியிருப்பேன். அதனால் பெட்டியோடு தனியாக வாசலில் நின்றேன். அறை வேண்டுமா என்று மணியம்மாள் கேட்டார். இல்லை, போன பௌர்ணமிக்கு உங்கள் மெஷினை அணைத்தவள் நான்தான் என்றேன். ஒத்திகை பார்த்த மிச்ச வார்த்தைகள் எல்லாம் அதோடு தீர்ந்துவிட்டன.

அவர் என்னை மெஷின் பக்கம் கூட்டிப்போனார். பிறகு துண்டை எடுத்தார்.

பழுது பார்க்கப் பத்து நிமிஷம் ஆனது. நோட்டுப் புத்தகத்தில் இருந்த ஒரு மாத விவரத்தை ஏற்ற மூன்று மணி நேரம். அவர் வாசிக்க வாசிக்க நான் தட்டினேன். நடுவில் மெஷினைக் கவிழ்த்து அடியைக் காட்டி, இதுதான் உள்ளே இருப்பதன் பெயர் என்றேன், என்னால் அதைச் சொல்லாமல் இருக்க முடியாதே.

"பேரு எதுவா இருந்தா என்ன," என்றார். "பௌர்ணமி அன்னிக்கு நாலு மணிக்கு முழிச்சிக்கிட்டு இருக்கணும்."

இப்போது நாலு மணி. முழித்துக்கொண்டிருக்கிறது. எதிரில் இருபது பேர் பெட்டியோடு நிற்கிறார்கள். மணியம்மாள் ஒவ்வொருவருக்கும் எந்த அறை என்று திரையைப் பார்த்துச் சொல்ல, நான் சாவி எடுத்துக் கொடுக்கிறேன். இடையிடையே இந்தக் கடிதம். சரிசெய்த மெஷினிலேயே எழுத வேண்டும் என்பது நம் விதி, ஒன்பதாவது என் பங்கு. திரை நடுங்கவில்லை.

கொஞ்சம் முன்னால் கோதண்டராமன் போன் செய்தார். மாதக் கடைசி வரை அவருக்குப் பொறுக்கவில்லை போல. மணியம்மாள் என்னைப் பார்த்துக்கொண்டே பேசினார். சாவிக்கொத்தைக் கையில் பிடித்தபடி கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

"ஒரு தபா கெட்டுப்போச்சுப்பா. கெடுத்த பொண்ணே கடல் தாண்டி வந்து நிக்குது. மிக்ஸி கெட்டா உன் கம்பெனிக்காரன் வருவானா? மேசைய போடு."

அந்தக் காகிதத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. பதினான்காம் தேதியே திருப்பிக் கொடுத்து, மாதத்தின் மிச்ச நாளுக்கு விடுப்பும் வாங்கிவிட்டேன். சந்திரனைப் பற்றிக் கேட்ட மேலதிகாரி கையைக் குலுக்கி, இந்த ஊர் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் பார்த்துக்கொண்டார். அம்மாவிடம் சொல்லிவிட்டேன். இனி நிஜமாகவே ஆறு மணிக்குள் சாப்பிட வேண்டும், அது ஒன்றுதான் கஷ்டம்.

மூன்று ஊருக்கு நாலு கால் போதுமா என்று நேரில் பேசுவோம். இங்கே எட்டு அறையும் நிரம்பிவிட்டது. எனக்குச் சமையல்கட்டில் பாய் போட்டுத் தருகிறாராம், தண்டனையாக.

கடையைச் சாத்திவிட்டு வா. இன்றைக்கு வண்டி எதையும் விடமாட்டார்கள், உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நடந்தே வா.

உன்,
குசுமாவதி

மெஷின் எண் 17, பழுது நீங்கியது.