உன் வீட்டு மாடியில் ஓடிய மிஷின்

இன்று நம் ஆய்வுக்குழுவின் அறையைக் காலி செய்தேன். சார் ஓய்வு பெற்றுவிட்டார், ப்ராஜெக்ட்டும் முடிந்துவிட்டது. அறையை வேறு துறைக்குக் கொடுத்துவிட்டார்கள். பீரோவுக்குப் பின்னால் உன் பச்சைத் துப்பட்டா விழுந்து கிடந்தது. எடுத்து உதறினேன். வெள்ளையாய்த் தூசு பறந்தது. உடைத்த கருங்கல்லின் வாசனை மூக்கில் ஏறியதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பல்கலைக்கழகச் சுற்றுச்சூழல் ஆய்வுக்குழு என்றால் கேட்பவர்கள் பெரிதாக எதையோ நினைத்துக்கொள்வார்கள். பஸ் ஏறினாலே வாந்தி எடுக்கும் சார், மதுரையிலிருந்து வந்து உங்கள் பக்கத்துப் பேச்சு புரியாமல் விழித்த நான், பிறகு நீ. நாம் இருவரும் சாரிடம் பிஎச்.டி. செய்தோம். அவ்வளவுதான் குழு. கல் உடைக்கும் கிரஷர்கள் கிளப்பும் தூசை அளப்பது நம் வேலை. எந்த ஊரில் அளக்கலாம் என்று சார் கேட்டதும், உத்திரமேரூரில் பஸ் மாறிப் போகும் உன் ஊரையே நீ சொன்னாய். உன் அப்பா அங்கே கிரஷரில் வேலை செய்து, இருமி இருமியே போய்ச் சேர்ந்தவர். தம்பியும் அதே கிரஷரில்தான் லாரி ஓட்டினான்.

“சொந்த ஊர்ல வேணாம்டி, வம்பு” என்றேன்.

“வேற ஊருன்னா பேப்பர் எய்திட்டு வந்துடுவோம். இங்கன்னா அப்டி வுட்டுட்டு வர முடியாதுல்ல” என்றாய்.

காற்றை இழுத்துத் தூசை வெள்ளைத் தாளில் படியவிடும் அந்த மிஷினை உன் வீட்டு மொட்டை மாடியில் வைத்தோம். காலையில் பளிச்சென்று வைத்த தாள், எடுக்கும்போது சாம்பல் பூசியதுபோல இருக்கும். உன் அம்மா மேலே வந்து அதைப் பார்த்துவிட்டு, “ஏசப்பா, இத்தினியுமா உள்ள போவுது?” என்றார். நீ தாளை உறையில் போட்டு ஒட்டினாய். அன்று பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தாய்.

சாரின் அறிக்கை போனது. அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். கிரஷர் நின்றது. நாம் கேன்டீனில் கேசரி வாங்கிச் சாப்பிட்டோம், நினைவிருக்கிறதா? நமக்கு இருந்த ஒரே சந்தோஷம் அது.

அடுத்த முறை போனபோது மிஷின் தெருவில் கிடந்தது. பக்கத்தில் உன் தம்பி நின்றிருந்தான். வேலை போன ஆண்கள் அவனைச் சுற்றி நின்றார்கள்.

“இன்னாடா பண்ணி வச்சிக்கீற?” என்று கத்தினாய்.

“நீ இன்னா பண்ணி வச்சிக்கீற, அத்த சொல்லு மொதல்ல. காலனியே அடுப்பு மூட்டாம குந்திக்கினு கீது. ஒன் படிப்பு எங்க வவுத்துல அடிக்கத்தானா?”

“நைனா எதுல செத்தாரு, மறந்துட்டியா?”

“இருமி சாவறதுக்கு இன்னும் நாள் கீது. பசி இன்னிக்கே வருதே, அதுக்கு இன்னா சொல்ற?”

நீ குனிந்து உடைந்த மிஷினைத் தூக்கினாய். நான் மறுபக்கம் பிடித்தேன். உன் அம்மா வாசலில் நின்றார். இரண்டு பிள்ளைகளில் யாரையும் அவரால் கூப்பிட முடியவில்லை.

கொஞ்ச நாளில் கிரஷர் மறுபடி ஓடியது. அதன் வாசலில் தூசை அடக்கவென்று ஒரு தண்ணீர்க் குழாயும், பேருக்கு ஒரு தகரத் தடுப்பும் வந்திருந்தன. தம்பிக்கு வேலை திரும்பக் கிடைத்தது. உனக்குத்தான் வீடு இல்லாமல் போனது. கிறிஸ்துமஸுக்குக்கூட நீ விடுதியிலேயே இருந்தாய்.

அடுத்த மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் கண்டது. டெங்கு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் என்னைப் பார்த்துச் சிரித்து, “தூசுல போனாலாவது நம்ம பேப்பருக்கு ஆவும். கொசுன்னா யாரு சேத்துப்பாங்க?” என்றாய். நீ பிழைத்துவிடுவாய் என்ற நம்பிக்கையில் நானும் சிரித்தேன்.

கல்லறைத் தோட்டத்தில் ஜெபம் முடியும்வரை கிரஷர் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எல்லோரும் போனபின் உன் தம்பி என் பக்கத்தில் வந்து நின்றான்.

“அந்த மிஷினு இன்னாக்கா சொல்லிச்சு? அவ சொல்ல வந்தா, நான் கேக்கல.”

சொன்னேன். வெளியே வேலைக்குப் போகிறவர்களைப் போலவே, வீட்டோடு இருப்பவர்களும் அந்தக் காற்றைத்தான் நாள் முழுக்க இழுக்கிறார்கள் என்றேன்.

“அப்ப அம்மாவுக்கும்?”

“அம்மாவுக்கும்தான்.”

குனிந்து புது மண்ணைக் கையால் சமன் செய்தான். “நாளைக்கு டூட்டிக்கு வரச் சொல்லிக்கீறாங்கக்கா” என்றான். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேறு எங்கே போவான்?

இப்போது நான் ஒரு கல்லூரியில் சுற்றுச்சூழல் பாடம் எடுக்கிறேன். கட்டாயப் பாடம் என்பதால் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். உன் ஊருக்கு எப்போதாவது போவேன். போன மாதம் போனபோது உன் அம்மாவும் இரும ஆரம்பித்திருந்தார். உன் அப்பா இருமியதைப் பற்றி நீ சொல்வாயே, அப்படியே, இருமுகிற ஒவ்வொரு முறையும் சுவரைப் பிடித்துக்கொள்கிறார். தம்பி வாங்கி வைத்த மாத்திரைகள் ஜன்னலில் இருந்தன.

“ஒன் டாக்டர் படிப்பு முடிஞ்சிச்சாம்மா?” என்று கேட்டார்.

“முடிஞ்சிடுச்சும்மா.”

“அவுளுது?”

நீ பாதியில் விட்டதை யாரும் எடுத்து முடிக்கவில்லை. முடிக்க இனி குழுவும் இல்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து அதை எப்படிச் சொல்வது?

“அவளுதும் முடிஞ்சிடுச்சும்மா” என்றேன்.

“ஸ்தோத்திரம்” என்று கண்ணை மூடிக்கொண்டார். உன்னிடமாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.