கத்திய மிஷின்

1984 ஆகஸ்ட், செவ்வாய்

பாண்டி இறந்துவிட்டார். குடல் ஆபரேஷனுக்குப் பிறகு அவரைப் புது மிஷினில் போட்டிருந்தோம். நெஞ்சில் ஒட்டிய வயர் வழியாகத் துடிப்பைப் பார்த்து, தவறினால் அது கத்தும். இனி நர்ஸ் கட்டிலருகே நிற்க வேண்டியதில்லை என்றார்கள். வார்டுக்கு என்னை ஒருத்தியை மட்டும் விட்டார்கள்.

அவர் மனைவி பேச்சியம்மாள் விடாமல் அவர் நெஞ்சில் திருநீறு பூசுவாள். ஒட்டு கழன்று மிஷின் கத்தும். நான் ஓடிப்போய்த் துடைத்து ஒட்டுவேன். நேற்று பொறுக்க முடியவில்லை. "இன்னொரு தடவை பூசுனா வெளிய அனுப்பிருவேன்" என்றேன்.

இன்று மதியம் மறுபடி கத்தியது. வேறொருவருக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். "வாரேன், வாரேன்" என்று எரிச்சலோடு சொல்லி, கட்டை முடித்துவிட்டுத்தான் போனேன். பஞ்சால் நெஞ்சைத் துடைத்தேன். பஞ்சில் ஒன்றுமே வரவில்லை. ஒட்டு இறுக்கமாக இருந்தது.

"நீங்க சொன்னதுல இருந்து நான் பூசவே இல்லையே, சிஸ்டர்" என்றாள்.

டாக்டர் வந்து நெஞ்சை அமுக்கிப் பார்த்தார். பலனில்லை. மிஷினை அடுத்த கட்டிலுக்கு மாற்றச் சொன்னார். நான் வயரைக் கழற்றும்வரை பேச்சியம்மாள் அழாமல் காத்திருந்தாள். பிறகு மடியிலிருந்து பொட்டலத்தை எடுத்தாள்.

"இப்பத் துன்னூறு பூசலாமா, சிஸ்டர்?"