இடது கை வளையலில் ஓர் ஊக்கு

நேற்றுக் காலை பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண்ணுக்கு ஊக்கு தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கல்லூரிக்குப் போகிற பெண். செருப்பு வார் அறுந்து நொண்டிக்கொண்டே வந்தவள், "ஆன்ட்டி, வளையல்ல பின்னு மாட்டியிருக்கீங்களே, அதக் குடுங்களேன்" என்றாள். என் இடது கை வளையலில் ஒரே ஓர் ஊக்கு தொங்கிக்கொண்டிருந்தது. அதை வலது கையால் பொத்திக்கொண்டு, "இது மட்டும் முடியாதும்மா" என்றேன். போன வாரம்தான் ஓர் அட்டை நிறைய ஊக்கு வாங்கிப் பையில் போட்டதாக ஞாபகம். அவசர அவசரமாகப் பையைத் துழாவினால், வந்தது ஒரு டார்ச் லைட், பாதி தின்ற கடலை மிட்டாய், போன மாதக் கரண்ட் பில். ஒரு ஊக்குக்கா இவ்வளவு கஞ்சத்தனம் என்று அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள் பார்! நல்லவேளை, பக்கத்தில் இருந்த பூக்காரம்மா வாழைநாரைக் கிழித்துச் செருப்பை இறுக்கிக் கட்டி, "காலேஜ் வரைக்கும் தாங்கும், போ" என்று அனுப்பிவைத்தார்.

நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். யார் கேட்டாலும் வளையல் ஊக்கைக் கழற்றிக் கொடுக்காதே என்று எனக்குச் சட்டம் போட்டவளே நீதானே.

எண்பத்தொன்பதில் திருவண்ணாமலைத் தேரடிப் பக்கம் ஒரு மாடியில் இருந்த அந்தத் தட்டச்சுப் பயிலகத்தில் நாம் இருவரும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். இரண்டு பேருக்கும் இருபத்திரண்டு வயது. நீ தட்டச்சு சொல்லிக்கொடுப்பாய். மற்றதெல்லாம் என் தலையில். மாணவர் சேர்க்கை, வருகைப் பதிவேடு, ரிப்பன் வாங்குவது, பரீட்சை விண்ணப்பங்களை மெட்ராஸுக்கு அனுப்புவது. பன்னிரண்டு மெஷினும் ஒரே சமயத்தில் ஓடினால் தகரக் கூரையில் மழை அடிக்கிற மாதிரி இருக்கும். எல்லாருக்கும் தலை வலிக்கும். எனக்கு மட்டும் அந்தச் சத்தத்தில்தான் மனசு கொஞ்சம் உட்காரும்.

மற்ற நேரத்தில் அது உட்கார்ந்ததே இல்லை. ரிப்பன் வாங்கப் போவேன். வழியில் பார்த்தவருடைய மருமகள் சண்டையை முழுசாகக் கேட்டுவிட்டு, இரண்டு முழம் பூவும் வாங்கிக்கொண்டு வருவேன், ரிப்பன் இல்லாமல். பதிவேட்டில் பாதிப் பெயருக்குக் குறி போட்டிருப்பேன், மீதிப் பெயர்கள் அநாதையாக நிற்கும். ஆனால் ஒருநாள் ஏழாம் மெஷினில் ஓர் எழுத்து விசை ஒட்டிக்கொண்டபோது, சாப்பாடு, தண்ணீர் எதுவும் இல்லாமல் மூன்று மணி நேரம் குனிந்தபடி உட்கார்ந்து அதைச் சரிசெய்தேன். கூப்பிட்டால்கூடக் காதில் விழவில்லை என்றாய். "அதுக்கு மட்டும் எங்கேருந்து வருது கவனம்? மத்த வேலைன்னா கொழுப்பு!" என்று முதலாளி சார் கத்தினார். வீட்டில் அம்மாவும் அதையேதான் சொன்னாள், இன்னும் நாலு வார்த்தை ஜாஸ்தியாக. கொழுப்பாகத்தான் இருக்கும் போலிருக்கிறது என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

நீ மட்டும் என்னைத் திட்டவில்லை. "ஏய் காத்தாடி, இங்க வா" என்று கூப்பிட்டு, உன் வளையலில் கோத்து வைத்திருந்த ஊக்குகளில் ஐந்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தாய். நம் ஊரில் எந்தப் பொம்பளை கையில்தான் நாலு ஊக்கு தொங்காது? அதை வைத்து ஒரு வழி கண்டுபிடிக்க உனக்குத்தான் தோன்றியது.

"ஒரு வேலை வந்துதுன்னா எடது கையில ஒண்ணு மாட்டு. முடிச்சதும் வலது கைக்கு மாத்து. சாயங்காலம் ரெண்டு கையையும் எங்கிட்ட காட்டணும்."

மூன்றாம் நாளே நான் முழித்தேன். இடது கையில் இரண்டு ஊக்கு இருக்கிறது, எதற்கென்று தெரியவில்லை! அழாத குறையாக உன்னிடம் வந்தேன். நீ கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. "எதுக்குன்னு மறந்தா போவுது. ஏதோ ஒண்ணு பாக்கி இருக்குன்னாவது தெரியுதில்ல? நேத்து வரைக்கும் அதுவும் தெரியாதே உனக்கு" என்றாய். அப்புறம் சட்டத்தைத் திருத்தினாய். "எதுக்குன்னு வாய்விட்டுச் சொல்லிட்டு மாட்டு. எதுக்குன்னு சொல்லிட்டுக் கழட்டு. சொல்லாம கழட்டக் கூடாது."

அன்றிலிருந்து நான் வளையலோடு பேச ஆரம்பித்தேன். "ரிப்பன் வாங்கணும்" என்று மாட்டுவேன், "ரிப்பன் வாங்கியாச்சு" என்று கழற்றுவேன். மாணவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே. கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் என்னை ஏற்றிவிட வரும்போது, தினமும் என் இரண்டு கையையும் போலீஸ்காரி மாதிரி திருப்பித் திருப்பிப் பார்ப்பாய். இடது கை காலியாக இருந்தால் ஒரு பொட்டலம் வேகவைத்த வேர்க்கடலை. பொட்டலம் பிரிப்பதற்குள் பாதியை நீயே தின்றுவிடுவாய், அது வேறு கதை.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தச் செருப்பு அறுந்தது. உனக்கு ஞாபகம் இருக்கும், தட்டச்சு முதுநிலைப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண். அறுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் நின்று, "அக்கா, ஒரு பின்னு" என்றாள். ஐயோ பாவம் என்று சட்டென்று கழற்றிக் கொடுத்துவிட்டேன். வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. அந்த ஊக்கு எதற்காக மாட்டியது என்றால், இருபத்துமூன்று பேருடைய பரீட்சை விண்ணப்பக் கட்டைப் பதிவுத் தபாலில் அனுப்ப. ஊக்கு அவள் செருப்போடு நடந்துபோய்விட்டது. வேலையும் அதோடு போய்விட்டது.

எட்டாம் நாள் காலையில் கத்தரிக்கோல் தேடி மேசை இழுப்பறையைத் திறக்கிறேன், கட்டு அப்படியே கிடக்கிறது. அன்றுதான் கடைசித் தேதி. இருபத்துமூன்று பேர் ஆறு மாதம் விரல் தேய அடித்துப் பழகியது வீண். அதில் எத்தனை பேர் இந்தச் சான்றிதழை வைத்துத்தான் வேலைக்கு மனுப் போட இருந்தார்கள்!

சார் கத்திய கத்தலில் எல்லா மெஷினும் நின்றுவிட்டது. நீதான் நடுவில் வந்து நின்றாய். "இப்பவே பஸ் புடிச்சா நாலு மணிக்குள்ள மெட்ராஸ் ஆபீஸ்ல நேர்ல குடுத்துடலாம் சார். நாங்க ரெண்டு பேரும் போறோம்."

"இவளா? இவ கையில குடுத்தா வழியில எந்தக் கடையில வெச்சுட்டு வருவாளோ! கட்டு உங்கிட்டயே இருக்கட்டும்மா. அவ தொடவே கூடாது."

"சரிங்க சார்" என்றாய், பூனை மாதிரி.

பஸ் புறப்பட்டதுதான் தாமதம், கட்டை எடுத்து என் மடியில் வைத்தாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வேணாண்டி, நீயே வெச்சுக்கோ" என்றேன். "எனக்குத் தூக்கம் வருது, தூங்குறவ கையில குடுப்பாங்களா?" என்று ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாய்.

அந்த ஐந்து மணி நேரத்தை நான் எப்படிச் சொல்வேன்! கீழ்பென்னாத்தூரில் பஸ் நின்றபோது அம்மா பார்த்துவிடப் போகிறாளே என்று கட்டின் மேலேயே கவிழ்ந்துகொண்டேன். செஞ்சியில் தெரிந்தவர் ஒருவர் ஏறிப் பேச்சுக்கொடுத்தார். நானாவது, பேச்சை விடுவதாவது! ஆனால் அன்று விட்டேன். திண்டிவனத்தில் வெள்ளரிப்பிஞ்சு விற்பவர்கள் ஜன்னலை மொய்த்தார்கள். வாங்க ஆசை, ஆனால் கட்டிலிருந்து கையை எடுக்கப் பயம். அப்போது தூங்கிக்கொண்டிருந்த நீ, கண்ணைத் திறக்காமலே கையை வெளியே நீட்டி இரண்டு கூறு வாங்கி ஒரு பிஞ்சை என் வாயில் திணித்தாய். அடிப்பாவி, திருவண்ணாமலையிலிருந்து நீ ஒரு நொடிகூடத் தூங்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கட்டைக் கொடுத்து ரசீது வாங்கினோம். நான் மூச்சு விடுவதற்குள் நீ உன் தோளிலிருந்து ஓர் ஊக்கை எடுத்து என் இடது கை வளையலில் மாட்டினாய். "சொல்லு" என்றாய்.

"அப்ளிகேஷன் குடுக்கணும்."

"இப்பக் கழட்டு."

"அப்ளிகேஷன் குடுத்தாச்சு!" என்றேன், அந்த அறை முழுக்கக் கேட்கும்படி. ரசீது கொடுத்தவர் மூக்குக் கண்ணாடியை இறக்கி நம் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். வெளியே வந்து நாம் சிரித்த சிரிப்பில் எனக்கு விக்கலே வந்துவிட்டது.

இருபத்துமூன்று பேரும் பரீட்சை எழுதினார்கள். செருப்பு அறுந்தவள் உட்பட. அடுத்த தடவை விண்ணப்ப வேலையை உன்னிடம் மாற்ற சார் முடிவுசெய்தபோது, "அவளே செய்யட்டும் சார், நான் சொல்றேன்" என்றாய். மறுநாள் பார்த்தால், பீஸ் கட்ட வேண்டிய தேதி ஒட்டியிருந்த சுவரில், அதற்குப் பக்கத்தில், ஒரு பிழை இல்லாமல் நீ அடித்த அறிவிப்பும் ஒட்டியிருந்தது: 'ஆபீஸ் அக்காவிடம் யாரும் ஊக்கு கேட்கக் கூடாது.' நான் அங்கே இருந்த பத்து வருஷமும் அது சுவரில் இருந்தது. பிறகு ஒரு தடவைகூட என் கையால் விண்ணப்பம் தாமதமாகப் போனதில்லை.

அப்புறம் எனக்குக் கல்யாணம் ஆகி, வேங்கிக்கால் பக்கம் ஜெராக்ஸ், டைப்பிங் கடை போட்டேன். என் மகள் நாலாவது படிக்கும்போது, பாடத்தில் கவனம் இல்லை என்று பள்ளியில் சொல்லி அனுப்பினார்கள். டாக்டரிடம் கூட்டிப்போனேன். பொருளைத் தொலைக்கிறாளா, ஆரம்பித்ததை முடிக்காமல் விடுகிறாளா, பேசும்போது குறுக்கே பேசுகிறாளா என்று அவர் கேட்கக் கேட்க நான் கடகடவென்று சொல்லிக்கொண்டே போனேன். அவர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். "அம்மா, நான் பாப்பாவைப் பத்திக் கேட்டேன். நீங்க உங்களைப் பத்தியே சொல்றீங்க." அதற்கு ஏ.டி.எச்.டி. என்று பெயர், மூளை வேலை செய்கிற விதம் அப்படி, பெரியவர்களுக்கும் இருக்கும், திமிரும் இல்லை சோம்பேறித்தனமும் இல்லை என்றார். செல்போனில் அலாரம் வைத்துக்கொள்ளச் சொன்னார். செல்போனை எங்கே வைத்தேன் என்று சொல்ல யார் அலாரம் அடிப்பார்கள், அதைக் கேட்க மறந்துவிட்டேன்.

நேராக உன் வீட்டுக்குத்தான் வந்தேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முப்பது வருஷமாக எல்லாரும் சொன்னதை நம்பிவிட்டேனே, அக்கறை இல்லாதவள் என்று என்னையே நான் எத்தனை தடவை திட்டியிருப்பேன் என்றேன். நீ காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"அக்கறை இல்லாதவ எதுக்குடி கையில அஞ்சு ஊக்கு மாட்டிக்கிட்டு அலையறா?" என்றாய். "இங்கிலீஷ்ல பேரு வெச்சா வெச்சுக்கட்டும். நான் காத்தாடின்னுதான் கூப்புடுவேன்."

எனக்குத் தேவையான மருந்து அன்றைக்கு அதுதான்.

அடுத்த மூன்று வருஷத்தில் நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாய். பாதி உடம்பாகிவிட்டிருந்தாய், வாய் மட்டும் குறையவில்லை. கடைசியாக நான் வந்த அன்று கிளம்பும்போது, "கையக் காட்டு" என்றாய். இடது கை காலியாக இருந்தது. பெருமையாக நீட்டினேன். உன் தலையணைப் பக்கத்திலிருந்து ஓர் ஊக்கை எடுத்து என் வளையலில் மாட்டினாய்.

"எதுக்குடி இது?"

"நாளைக்கு வா, சொல்றேன்." அந்தப் பூனைச் சிரிப்பு.

மறுநாள் பொழுது விடிந்ததுமே போன் வந்துவிட்டது.

என்னவாக இருக்கும் என்று நானும் யோசித்து யோசித்துப் பார்த்தேன். உன் மகளுடைய கல்லூரி விண்ணப்பமோ என்று, கூடவே போய் வரிசையில் நின்று கொடுத்துவிட்டு வந்தேன். உன் வீட்டுக் கறிவேப்பிலைச் செடியோ என்று ஒரு கோடை முழுக்கத் தண்ணீர் ஊற்றினேன். நீ சாகும்வரை உன்னோடு பேசாமலே இருந்த உன் அண்ணனைத் தேடிப்போய் உன்னைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசிவிட்டு வந்தேன். ஒவ்வொரு தடவையும் ஊக்கில் கை வைப்பேன். இதற்குத்தான் என்று அடித்துச் சொல்ல வாய் வராது. அப்படியே விட்டுவிடுவேன்.

மற்ற ஊக்குகள் கடையில் தினமும் ஏறுகின்றன, இறங்குகின்றன. கடையைப் பூட்டும்போது இரண்டு கையையும் என் மகள்தான் சோதிக்கிறாள். அவள் கையை நான் சோதிக்கிறேன். இந்த ஒன்றை மட்டும் அவள் கேட்பதில்லை.

நீயே பார், என் வாழ்க்கையில் நான் மறக்காமலே என்னவென்று எனக்குத் தெரியாத வேலை இது ஒன்றுதான். நீதான் சொல்லாமல் போய்விட்டாய். சொல்லாமல் கழற்றக் கூடாது என்று சட்டம் போட்டவளும் நீதான். அதனால் இது கையிலேயே இருக்கிறது. காலையில் எழுந்ததும் இடது கையைப் பார்க்கிறேன். ஏதோ ஒன்று பாக்கி இருக்கிறது என்று தெரிகிறது. எழுந்து வேலையைப் பார்க்கப் போகிறேன்.