டீச்சரின் மடி வீக்கமும் உன் நான்கு நிமிட ஏச்சும்

பெரியகல்லாறு,
மார்கழி 14.

அன்பு மகள் தனுஷியாவுக்கு,

கடல்நாச்சி அம்மன் புண்ணியத்தில் நீ அங்கே சுகமாக இருப்பாய், இங்கே நானும் அம்மாவும் சுகம், டீச்சரும் இன்று காலை தொடக்கம் சுகம். பத்து மாதமாக உன்னோடு ஒரு சொல் பேசாத அப்பா திடீரென்று தாள் தாளாக எழுதுகிறாரே, ஊரில் யாராவது மண்டையைப் போட்டுவிட்டார்களோ என்று பதறாதே, ஒருவரும் சாகவில்லை. போனில் சொல்லலாம் என்று நாலு தரம் எடுத்தேன், நாலு தரமும் உன் நம்பரை அமத்தாமலே வைத்துவிட்டேன், அதனால்தான் பேனை பிடித்தேன். அம்மா இதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். எழுத்து மங்கலாகத் தெரிந்தால் அது அவளுடைய கை ஆட்டம், என் கையெழுத்தில் குறை இல்லை.

போன கிழமை விடாத மழை, கொட்டிலுக்குள் கணுக்கால் சேறு. வெள்ளி காலை கறக்கப் போனால் டீச்சர் எழும்பவில்லை. பின்பக்கத்து இடது மடி பூசணிக்காய் அளவு வீங்கி, கல்லாக இறுகி, தொட்டால் கை சுடுகிறது. காம்பைப் பிழிந்தால் பாலைக் காணோம், மஞ்சள் தண்ணீரும் தயிர்க்கட்டி மாதிரி கட்டியும் கொஞ்சம் இரத்தமும்தான் வந்தது. மிருக வைத்தியர் கந்தோருக்குப் போன் அடித்து, டீச்சருக்குக் கடும் காய்ச்சல், எழும்ப ஏலாமல் படுத்திருக்கிறா, காலையில் இருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று படபடவென்று சொன்னேன். அங்கே எடுத்தவர், ஐயா இது மாட்டு வைத்தியர்ர கந்தோர், டீச்சரச் சுறுக்கா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க என்று சொல்லி வைத்துவிட்டார். திரும்ப எடுத்து, இது நாலு கால் டீச்சர் என்று விளங்கப்படுத்த வேண்டி வந்தது. எல்லாம் உன்னால் வந்த வினை. ஏ.எல். படிக்கிற காலத்தில் உயிரியல் பாடத்தை அப்போது கன்றுக்குட்டியாக இருந்த இவளுக்கு முன்னால் நின்று வாசித்துவிட்டு, ஒரு நாளும் பிழை எண்டு சொல்லாத டீச்சர் இவ ஒராள்தான் எண்டு பெயர் வைத்தவள் நீதானே.

வந்தது டொக்டர் ஸுஹைனா, மருதமுனைப் பிள்ளை, மழைச்சட்டையோடு ஸ்கூட்டரில் வந்து இறங்கினா. மடியைத் தொட்டுப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. ஐயா, இது லேசான வீக்கமில்ல, சினை மாடு வேற, நஞ்சு உடம்பில ஏறினா தாயும் போயிரும் வயித்துக் கண்டும் போயிரும் எண்டா. இரண்டு ஊசி போட்டா. காலை தொடக்கம் பொழுது படும்வரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் கெட்ட பாலை ஒரு சொட்டு விடாமல் பிழிந்து தூரத்தில் புதைக்க வேண்டும், கடைசியில் காம்பு நுனியைத் துடைத்து மருந்துக் குழலை உள்ளே ஏற்ற வேண்டும், பாலை வீட்டுக்கும் எடுக்கக்கூடாது, விற்கவும் கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னா. சொல்வது லேசு மகள். அந்த மடியில் கை வைத்தவுடன் டீச்சர் உதைத்த உதையில் என் முழங்கால் சிரட்டை இன்னும் நோகிறது. வாலைப் பிடிக்க வந்த பக்கத்து வீட்டு உதயரூபன் சாணிக் குழிக்குள் குந்தியிருந்தான். கட்டி அடித்துக் கறக்கலாமா என்று கேட்டேன், பயந்த மாடு பாலை இறக்காது, அவக்குப் பழகின ஆள் ஆரும் இல்லியா என்று டொக்டர் கேட்டா. பழகின ஆள் இங்கிலாந்தில கிழவன் கிழவிகளுக்குச் சோறு தீத்துறா எண்டு அம்மா சொன்னா.

உனக்கு மூன்று தரம் அடித்தோம், நீ வேலையில், போன் நிறுத்திக் கிடந்தது. அம்மாவின் போனிலும் உன் குரல் ஒன்றும் மிச்சமில்லை, காலை வணக்கம் சொல்லும் ரோசாப்பூப் படங்களுக்கு இடம் போதாதென்று கேட்டவுடன் கேட்டவுடன் அழித்துவிடுகிறாள். என் போனில் ஒன்று இருந்தது. சித்திரை வருடப்பிறப்பன்று நீ கூப்பிட, நான் பேச வராமல் தோட்டத்துப் பக்கம் போய்விட்டேன், அதற்குப் பிறகு நீ எனக்கென்று அனுப்பினாயே, நான்கு நிமிடம் பதினேழு வினாடி, அது. ஏச்சு என்று தெரியும், அதனால் திறக்கவே இல்லை. என் காசில் வாங்கிய போனில் என்னை ஏசுவதை நான் ஏன் கேட்க வேண்டும், அம்மன் மேல் ஆணை கேட்கமாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். அம்மா என்ன செய்தாள் தெரியுமா, போனை என் சட்டைப் பையில் இருந்து பறித்து, டீச்சரின் காதுக்குப் பக்கத்தில் பிடித்து உன் பதிவை அமத்திப் போட்டுவிட்டாள். அப்பா, நீங்க ஒரு கல்மனசுக்காரன் என்று நீ தொடங்கியதும் டீச்சரின் இரண்டு காதும் எழும்பின. மெல்ல எழுந்து நின்றாள். அசையவில்லை. நான் ஆணையை மீற முடியாதே, ஓடிப்போய் பஞ்சு எடுத்து இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டு வந்து குந்தினேன். நீ ஏச ஏச நான் பிழிய, கட்டி கட்டியாக வந்தது. உன் பேச்சு முடிந்த அடுத்த வினாடி காலைத் தூக்கினாள். அம்மா திரும்பவும் தொடக்கத்தில் இருந்து போட்டாள்.

இப்படி இரண்டு நாள். பாவம், ஏச்சையே கேட்டுக்கொண்டு நிற்கிறாளே என்று அம்மாவுக்கு மனம் கேட்கவில்லை, உன் குரலைக் கேட்க ஆசையாக இருக்கிறது என்று உன்னிடம் பொய் சொல்லி அன்பாக ஒரு பதிவு எடுத்துத் தந்தாள். என்ன அம்மா, சாப்பிட்டீங்களா அம்மா என்று நீ கொஞ்சிய முதல் வரியிலேயே டீச்சர் வாளியை உதைத்து வேலிக்கு அங்கால் அனுப்பிவிட்டாள். அவளுக்கு உன் கொஞ்சல் பழக்கமில்லை. நில்லுடி எருமை, கால எடுடி என்று ஏசி ஏசித்தானே குளிப்பாட்டுவாய். மாட்டைப் பார்த்து எருமை என்று ஏசியவள் இந்த ஊரிலே நீ ஒருத்திதான்.

மூன்றாம் நாள் மடி கழுவ வைத்த வாளித் தண்ணீரில் போன் விழுந்து நனைந்து சத்தம் கம்மிப் போனது. டீச்சர் திரும்பப் படுத்துவிட்டாள், வாயிலிருந்து நீர் வடிகிறது, கண் உள்ளே போய்விட்டது. அம்மா அழத் தொடங்கிவிட்டாள். உதயரூபன் கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவன் அல்லவா, நான் ஒரு பெட்டி கொண்டாறன் அண்ணன், யோசிக்காதீங்க என்றான். பெட்டி என்றுதான் சொன்னான், திருவிழாப் பெட்டி என்று சொல்லவில்லை. கொட்டில் வாசலில் வைத்து, எந்தப் பொத்தானைத் திருகினானோ, பகல் பதினொரு மணிக்கு, அப்பா நீங்க ஒரு கல்மனசுக்காரன் என்று பெரியகல்லாறு முழுக்க எதிரொலித்தது. சனம் மரண அறிவித்தலாக்கும் என்று எங்கள் படலை வாசலுக்கு வந்துவிட்டது. மீன் விற்கிற அசனார் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கடைசி வரை கேட்டார். நான் எழும்பி நிறுத்தச் சொல்லியிருப்பேன், ஆனால் டீச்சர் எழும்பி நின்றுவிட்டாள், கெட்ட பால் வந்துகொண்டிருக்கிறது, எப்படி நிறுத்துவது. திருவிழாப் பெட்டிக்கு முன்னால் பஞ்சு எந்த மூலைக்குக் காணும். ஊரோடு சேர்ந்து நானும் கேட்டேன் மகள். அன்றும் வந்திருந்த டொக்டர் பிள்ளை ஊசியைக் கையில் பிடித்தபடி, எங்கட வாப்பாவும் இப்படித்தான் ஐயா எண்டா.

நீ சொன்னதெல்லாம் கேட்டேன். மாடு கன்று போடப் போகுது எண்டு சொல்லி ஏர்போட்டுக்கு வராம நிண்டீங்க, மாட்டுக்கு உள்ள மதிப்பு எனக்கு இல்ல எண்டாய். அந்த மாடே நின்று கேட்டது. கடைசியில், நாலாவது நிமிடத்தில், ஏர்போட்டுக்குப் போற வான் வாசல்ல நிண்டு மூண்டு தரம் ஹோர்ன் அடிச்சது கேட்டுதா அப்பா, மூண்டு தரமும் நான்தான் அடிக்கச் சொன்னனான், நீங்க வெளிய வருவீங்க எண்டு பாத்தன் எண்டாய். என் கை காம்பிலேயே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு ஐந்து நாள், ஒரு நாளைக்கு ஏழு தரம், பஞ்சு இல்லாமல் கேட்டேன். இப்போது எனக்கு அது மனப்பாடம். அசனாருக்கும் மனப்பாடம், நேற்று மீன் வெட்டித் தரும்போது, ஏன் அண்ணன் நீங்க போகல்ல என்று கேட்டார்.

அவருக்குச் சொல்லாததை உனக்குச் சொல்கிறேன். போன மாசியில் நீ போன அன்று டீச்சர் கன்று போடுகிற நாள் இல்லை. பதினொரு நாள் கழித்துத்தான் போட்டாள். அம்மாவுக்குத் தெரியும், எனக்காக வாயை மூடிக்கொண்டிருந்தாள். நான் கொட்டிலுக்குள் டீச்சரின் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஹோர்ன் மூன்று தரமும் கேட்டது, எண்ணினேன். முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்து, இந்த ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேரைக் கொழும்புக்கு ஏற்றி, தாய் தகப்பன் அழ அழ, பெல் அடித்து ரைட் என்று சொல்லி அனுப்பியவன் நான். எனக்கு அது வெறும் வேலை. உனக்கு ரைட் சொல்ல எனக்கு வாய் வரவில்லை மகள். வெளியே வந்தால் வானுக்கு முன்னால் விழுந்து அழுதிருப்பேன், அதற்கு வெட்கப்பட்டேன். கல்மனசு இல்லை, சரியான கோழை மனசு.

டீச்சர் பிழைத்துவிட்டாள். இன்று காலை புல் தின்றாள், எனக்கு ஓர் உதையும் தந்தாள். இடது பின் மடி மட்டும் வற்றிப்போய்விட்டது, இனி மூன்று காம்புதான் என்று டொக்டர் சொன்னா. வயிற்றுக் கன்று உயிரோடு இருக்கிறது, கை விட்டுப் பார்த்துவிட்டு நாளும் கணக்குப் பார்த்து எழுதித் தந்திருக்கிறா. சித்திரை பன்னிரண்டு. நீ விடுமுறையில் வந்து இறங்குகிற நாள். இந்த முறை பொய் இல்லை, டொக்டரின் கையெழுத்து இருக்கிறது, வேண்டுமென்றால் அதையும் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். உதயரூபனிடம் சொல்லி வைத்துவிட்டேன், கன்று வந்தால் அவனும் டொக்டரும் பார்த்துக்கொள்ளட்டும், பெட்டியும் அவனிடம் இருக்கிறது. டீச்சர் இரட்டைக் கன்று போட்டாலும் நான் கட்டுநாயக்கா ஏர்போட்டில் கம்பிக்கு முன்னால் நிற்பேன். சனம் பார்க்க அழுவேன், நீ வெட்கப்படாதே.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ, நேரத்துக்குச் சாப்பிடு, சொல்வழி கேளாத கிழவன் யாராவது அங்கே இருந்தால் கொஞ்சம் பொறுத்துப் போ. அந்த ஏச்சை உன் போனில் இருந்து அழித்துவிடாதே, என் போன் இன்னும் ஈரம், எப்போது நிற்குமோ தெரியாது, கன்று போடும்போது தேவைப்படும். அம்மன் உன்னைக் காப்பாற்றுவா, நீ நூறு வயது நல்லாயிருக்க வேண்டும். மாசியில் சொல்லாமல் விட்டதை இப்போது எழுதிவிடுகிறேன், பிந்தினாலும் வாங்கிக்கொள்.

ரைட், மகள். போயிட்டு வா.

இப்படிக்கு,
பஞ்சு எடுத்த காதோடு உன் அப்பா,
க. வினாயகமூர்த்தி