சர்க்கரை ஊசியும் ஒரு படமும்

12 மார்ச் 2024, செவ்வாய்

பட்டுச்சேலை பார்டருக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுக்கொண்டிருந்தபோது ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்தது. உடம்பில் வீக்கம் இருந்தால் ஏறும் ஈ.எஸ்.ஆர். அறுபத்தெட்டு. போன தடவை பதினெட்டுதான்.

மறுபடியுமா? மூன்று வருஷத்துக்கு முன் இப்படி ஏறியபோதுதான் என் பெரிய ரத்தக்குழாய்களின் சுவர் வீங்கியிருப்பதை வேலூரில் கண்டுபிடித்தார்கள். ஸ்டீராய்டு தின்று பூரி போல உப்பிய முகம் வற்றி, இப்போதுதான் எனக்கே அடையாளம் தெரிகிறது. திரும்பவும் முதலிலிருந்தா — முடியாது, என்னால முடியாது.

ஜெயச்சந்திரனுக்கு என்ன சொல்வேன்? பெண் பார்க்க வந்த அன்றே நோயைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அவர் சம்மதித்தார். அவர் அம்மாதான் பதில் சொல்லாமல் செய்யாறுக்குத் திரும்பிப் போனார்.

14 மார்ச், வியாழன்

வேலூர். மாத்திரையை ஏற்றுவார்கள் என்று நினைத்தேன். டாக்டரம்மா தலையசைத்தார்.

"நம்பர் ஏறுனதுக்கு ரத்தக்குழாய்தான் காரணம்னு இன்னும் தெரியல பரிமளா. பெட் ஸ்கேன் எடுப்போம். வீங்கின இடம் சர்க்கரையை ஜாஸ்தி இழுக்கும், படத்துல பளிச்சுன்னு தெரியும். மாத்திரையை ஏத்திட்டு எடுத்தா அது மங்கிப் போயிடும்."

படம் வரும்வரை எதுவும் பேச வேண்டாம் என்று வேலு அண்ணனிடம் சொன்னேன். கல்யாணத்தைப் பற்றித்தான்.

18 மார்ச், திங்கள்

நாளை ஸ்கேன். இன்று சோறு கூடாது, இனிப்பு கூடாது. அண்ணி மூன்று முட்டை அவித்து வைத்தாள். அதில் ஒன்றை அண்ணன் தின்றுவிட்டான்.

19 மார்ச், செவ்வாய்

கதிர்வீச்சு கலந்த சர்க்கரையை ஊசியில் ஏற்றி, ஒரு மணி நேரம் இருட்டறையில் படுக்க வைத்தார்கள். பேசக் கூடாது, போன் கூடாது. பேசாமல் இருப்பதுதான் பெரிய கஷ்டம். பிறகு மெஷினுக்குள் அசையாமல் இருபது நிமிஷம்.

இன்று முழுக்கக் கர்ப்பிணிகள் பக்கம் போகக் கூடாதாம். அண்ணி ஆறு மாசம். அண்ணன் பஸ்ஸிலிருந்தே போன் போட்டுக் கத்தினான்: "பரிமளா வந்துகினு இருக்கா, நீ ஜல்தியா மாடிக்குப் போயிடு!" பஸ்ஸில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

22 மார்ச், வெள்ளி

எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

டாக்டரம்மா திரையைக் காட்டினார். கழுத்து, தோள், மார்பு — ரத்தக்குழாய்கள் எல்லாம் அமைதி. முன்பே அடைத்துப்போன குழாய் திறக்காதாம், ஆனால் புதிதாக வீக்கம் எங்கும் இல்லை. கீழ்த்தாடையில் மட்டும் ஒரு புள்ளி ஜொலித்தது.

"பல்லு வலிக்கலையா உனக்கு?"

"அப்பப்ப வலிக்கும் டாக்டர். கிராம்பு வெச்சுக்குவேன்."

"எவ்ளோ நாளா?"

"தீபாவளியிலேர்ந்து…"

கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். கடைவாய்ப்பல் வேரில் சீழ்; நம்பர் ஏறியது அதனால்தானாம். அண்ணன் ஒரு பக்கம் அழுதுகொண்டே, "ஒரு பல்லுக்கு இன்னா பேஜாரு பண்ணிட்ட!" என்று திட்டினான்.

சாயங்காலம் ஜெயச்சந்திரன் போன் செய்தார்.

"பல்லா?"

"பல்லுதாங்க."

அவர் சிரிப்பு அடங்குவதற்குள் அவர் அம்மா போனை வாங்கிவிட்டார். "எனக்கு மூணு பல்லு புடுங்கியாச்சு கண்ணு, ஒண்ணும் ஆவாது. நான் போற டாக்டரு கைராசிக்காரரு, செய்யாறுக்கே வந்துடு. நான் கூட உக்காந்துகினு இருக்கேன்."

சரிங்க என்றேன்.

3 ஏப்ரல், புதன்

பிடுங்கியாயிற்று. வாய் நிறையப் பஞ்சு. அவர் அம்மா என் கையை விடவேயில்லை.

10 மே, வெள்ளி

ஈ.எஸ்.ஆர். பதினான்கு! ஸ்டீராய்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம் என்றார் டாக்டரம்மா. அண்ணன் கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுத்துவிட்டான்.

9 பிப்ரவரி 2025, ஞாயிறு

செய்யாறு, மாமியார் வீடு. ஸ்டீராய்டு நின்று இன்றோடு பத்து நாள். இன்னொரு மாத்திரை தொடர்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேலூர் உண்டு.

காலையில் பழக்கத்தில் ஸ்டீராய்டு டப்பாவைத் தேடினேன். அத்தை அதைக் கழுவிக் காயவைத்து, ஏலக்காய் போட்டு அடுப்பு மேடையில் வைத்திருந்தார்.

"காலியாத்தானே கெடக்குது," என்றார்.